உளைவும் விறைப்பும்

1

தம்பி மாமரத்திலிருந்து விழுந்து ஒரு வருடம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, என் மகள் ஆரணி தொலைபேசியில் அவளுடைய அம்மப்பாவிடம், அதாவது என் ஐயாவிடம், ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மப்பா, மாமாவை எங்கை கிடத்தி வைச்சிருக்கிறீங்கள்?”

நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன். கரண்டி கையிலிருந்து நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. பாவம், அவள் சுவீடனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ‘படுக்கை’, ‘கிடக்கை’ எல்லாம் அவளுக்கு ஒரே பெட்டிக்குள் கிடக்கும் சொற்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் குழந்தையை நித்திரையாக்க வளத்துவோம், நோயாளியைப் படுக்க விடுவோம். கிடத்துவது சவத்தைத்தான்.

மறுமுனையில் ஐயா, “மாமா கட்டிலிலை இருக்கிறார் பிள்ளை. அம்மாட்டைக் குடு” என்றார்.

நான் அவள் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ஐயா அதைக் கேட்கவேயில்லை.

“நீ அங்கை உந்த முள்ளந்தண்டு வேலைதானே செய்யிறனி? கொம்பியூட்டருக்குள்ளை போட்டு முறிச்சுப் பாக்கிறது?”

“ஓம் ஐயா.”

“அப்ப எனக்கு ஒண்டு பாத்துச் சொல்லு. உவனுக்கு அது விழேக்கை நடந்ததோ, நான் தூக்கி இருத்தேக்கை நடந்ததோ?”

ஒரு வருடமாக அந்த மனிதர் அந்தக் கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் பிள்ளையின் ஒரு பிழைச்சொல் வந்து கதவைத் தட்ட, அது வெளியே விழுந்துவிட்டது. நான் “பாக்கிறன் ஐயா” என்றேன். வேறென்ன சொல்வது? இருபது வருடமாக இந்த நாட்டில் இருந்து நான் படித்ததும் உழைத்ததும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்பதுபோல அவர் கேட்டார்.

2

ஊரில் என்னைக் ‘கொம்பியூட்டர் எஞ்சினியர்’ என்கிறார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது ஒரு மாமி தன் மகனின் பழுதாய்ப்போன மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். என் வேலை அதுவல்ல என்றால், “அப்ப என்னதான் பிள்ளை அங்கை செய்யிறாய்?” என்றார். ஆகவே இங்கே ஒருதடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

முள்ளந்தண்டு எலும்புகளின் நடுவே ஒரு துவாரம் போகிறது. அதற்குள்ளே மூளையிலிருந்து இடுப்பு நோக்கி ஒரு நரம்புக் கயிறு இறங்குகிறது. சாவகச்சேரியில் விஞ்ஞானப் பாடத்தில் அதற்கு ‘முண்ணாண்’ என்று படித்தோம். சுவீடன்காரர் அதை ‘முதுகு மச்சை’, அதாவது முதுகின் மஜ்ஜை, என்கிறார்கள். எனக்கு முண்ணாண்தான் பிடிக்கும், நாண் என்றால் அறும் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

தடிப்பு ஒரு சுண்டுவிரல் அளவுதான். பதம் இளநொங்கு மாதிரி. நொங்கை விரலால் மெல்ல அமத்தினால் ஒதுங்கிக் கொடுக்கும், சடாரென்று குத்தினால் பிளந்துவிடும். முண்ணாணும் அப்படித்தான். எவ்வளவு நசிந்தது என்பது மட்டுமல்ல, எவ்வளவு வேகத்தில் நசிந்தது, எவ்வளவு நேரம் நசிந்து கிடந்தது, நசிந்தபடியே வளைந்ததா, இழுபட்டதா என்பதெல்லாம் கணக்கு. உயிருள்ள ஒருவரில் இதைச் செய்து பார்க்க முடியாது. அதனால் கணினிக்குள் எலும்பையும் முண்ணாணையும் சின்னஞ்சிறு கட்டிகளாகப் பிரித்து அடுக்கி, ஒவ்வொரு கட்டிக்கும் அதனதன் பதத்தைக் கொடுத்து, மேலிருந்து ஒரு விசையை விடுகிறோம். எந்தக் கட்டி எவ்வளவு நெரிகிறது என்று கணினி நிறத்தில் காட்டும். நீலம் என்றால் பாதகமில்லை. மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும். சிவப்பு என்றால் அந்த மனிதருக்கு அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

எங்கள் ஆய்வுகூடம் இதையெல்லாம் கார்களுக்காகச் செய்கிறது. இருக்கையை எப்படிச் சரித்தால், பட்டியை எங்கே போட்டால் சிவப்பு மஞ்சளாகும் என்று பார்ப்பது. நான் ஆயிரம் தடவை முள்ளந்தண்டை முறித்திருக்கிறேன், முறித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். அதில் எனக்கு ஒருநாளும் ஒரு கூச்சமும் வந்ததில்லை.

3

தம்பி சேந்தனுக்கு முப்பத்தாறு வயது. சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்ட மோட்டார்சைக்கிள் திருத்தும் கராச் வைத்திருந்தான். கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். மாரிமழை தொடங்கமுதல், கரண்ட் வயரில் முட்டிய கறுத்தக்கொழும்பான் மாமரக் கொப்பை வெட்டிவிடலாம் என்று ஏறினான். முதல்நாள் தூறலில் ஈரமான கொப்பு. குந்தியபடி வந்து நிலத்தில் அடிபட்டான்.

ஐயா கிணற்றடியில் நின்றவர், சத்தம் கேட்டு ஓடிப்போயிருக்கிறார். அயலவர்களும் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவர், “அசைக்காதையுங்கோ, கதவு ஒண்டு கழட்டிக்கொண்டு வாறன், உதிலை கிடத்திக் கொண்டுபோவம்” என்று கத்தியிருக்கிறார்.

அந்தச் சொல்தான். எங்கள் அம்மா போய் அப்போது ஆறு மாதம் ஆகவில்லை. விறாந்தையில் அம்மாவைக் கிடத்தியிருந்ததை ஐயா பார்த்துக்கொண்டே இருந்தவர். அதே முற்றத்தில், அதே சொல்.

“உயிரோடை இருக்கிற பிள்ளையை என்னெண்டடா கிடத்துவியள்! எழுப்பி இருத்துங்கோ!”

சொல்லிவிட்டு அவரே குனிந்து, கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கி, இருத்தி, முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துத் தண்ணீர் பருக்கினார். பிறகு ஓட்டோவில் தனக்கும் கதவுக்கும் நடுவே நிமிர்த்தி இருத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம், “இந்தா வந்திட்டம், இந்தா வந்திட்டம்” என்று சொல்லிக்கொண்டு போனாராம். பிறகு பெரியாசுப்பத்திரி, சத்திரசிகிச்சை எல்லாம் நடந்தன. வைத்தியர்கள் குறையொன்றும் வைக்கவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே தம்பி திரும்பி வரவில்லை.

இதை வாசிக்கும் சிலர், “படிப்பறிவில்லாத கிழவன் செய்த வேலை” என்று நினைக்கலாம். நினையுங்கள், ஆனால் இதையும் கேளுங்கள். ஐயா பஸ் சாரதி. யுத்தத்தில் செல்லடிக் காலத்தில் எங்கள் தென்மராட்சிச் சனத்தை அவருடைய பஸ் எத்தனையோ தரம் ஏற்றி இறக்கியிருக்கிறது. காயக்காரரைப் படுக்கவிட பஸ்ஸில் எங்கே இடம்? ஆசனத்தில் நிமிர்த்தி இருத்தி, துவாயால் கம்பியோடு கட்டிக் கொண்டுபோவார்கள். இருந்து போனவர்களில் பலர் பிழைத்தார்கள். நடைபாதையில் கிடத்திக் கொண்டுபோனவர்கள் பிழைக்கவில்லை. அதை வைத்து அவர் ஒரு விதி செய்துகொண்டார்: இருத்தினால் உயிர், கிடத்தினால் சவம்.

நான் என் மாணவர்களுக்கு இது எப்படிப்பட்ட பிழை என்று பலகையில் எழுதிக் காட்டுவேன். இருக்கக்கூடிய நிலையில் இருந்தவர்களைத்தான் இருத்தினார்கள், மற்றவர்களுக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. பலகையில் எழுதுவது லேசு. அந்தப் பஸ்ஸை ஓட்டியவருக்கு யார் போய் எழுதிக் காட்டுவது?

4

தம்பியின் ஸ்கான் படங்களை எங்கள் கணினிக்குள் போட அனுமதி கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, மதிய வேளையில் பேசாமல் ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் இந்த நாடு என்னையும் திருத்திவிட்டது, இப்போது நான் பூனைக்குப் பால் வைப்பதற்கும் அனுமதி கேட்கும் ஆளாகிவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு பெண் மிகத் தன்மையாகக் கதைத்தாள். பங்கேற்பாளரின் சம்மதம் வேண்டுமாம். இந்த ஆய்வால் பங்கேற்பாளருக்கு என்ன பயன் என்று ஒரு பந்தி எழுத வேண்டுமாம். பயன். நான் அந்தச் சதுரக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு அரைநாள் இருந்தேன். கடைசியில் ‘குடும்பத்தின் மன அமைதி’ என்று எழுதினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சம்மதப் பத்திரத்தைத் தம்பிக்கு வட்ஸப்பில் அனுப்பி, தமிழில் வாசித்துக் காட்டினேன். ‘பங்கேற்பாளர் எந்நேரமும் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம்’ என்ற வரி வந்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, “ஐயோ, சிரிக்க விழப்போறன், சிரிக்கப் பண்ணாதையுங்கோ அக்கா” என்றான்.

“எந்த நேரமும் விலகலாமாம். நல்ல விசயம். நாளைக்கு விடியக் காலமை விலகிறன் எண்டு எழுதுங்கோ. கட்டிலாலை இறங்கி நேரே கராச்சுக்குப் போறன்.”

“விசர்க்கதை கதையாதை.”

“பின்னை என்னக்கா? ஒரு நல்லது இருக்குத் தெரியுமே, எனக்கு இனிச் செருப்புத் தேயாது.”

அவன் எப்போதும் இப்படித்தான். சின்ன வயதில் செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தும் பகிடி விடுவான். ஆனால் அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அக்கா, ஐயா இப்ப படுக்கிறேல்லை. என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்தபடிதான் நித்திரை. ஒரு வருசமா. கால் ரண்டும் வீங்கிப்போய்க் கிடக்கு. கேட்டால், எனக்குப் படுத்தால் மூச்சு முட்டுது எண்டுறார். உவர் இப்பிடியே போனால் எனக்கு முதல் போயிடுவார். எனக்குத் திரும்பிப் படுக்கவும் ஆள் வேணும், அக்கா.”

அவனை இங்கே கூப்பிட்டுப் பார்க்கவும் முயன்றோம். விசா மறுத்துவிட்டார்கள். விண்ணப்பதாரர் தன் நாட்டுக்குத் திரும்பிச் செல்வார் என்பதில் சந்தேகம் உண்டாம். அறையைவிட்டு முற்றத்துக்குப் போக இரண்டு பேர் தேவைப்படுகிற ஒருவன் ஓடி ஒளிந்துவிடுவான் என்று பயப்படுகிறார்கள்.

5

வந்த புதிதில் எனக்குப் பல்வலி. வைத்தியர் என் தாடையை அமத்தி, “உன்ட்?” என்று கேட்டார். நான் “உண்டு” என்றேன். தமிழ் எப்படி இவருக்குத் தெரியும் என்று அதிசயித்துக்கொண்டே எல்லா இடத்துக்கும் “உண்டு, உண்டு” என்று சொல்ல, அவர் நல்ல பல்லையும் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவர்களுடைய மொழியில் நோவுக்குப் பெயர் உன்ட். கால் என்றாலும் உன்ட், வயிறு என்றாலும் உன்ட், மனம் என்றாலும் உன்ட். எப்படியான உன்ட் என்று சொல்லப் போனால் கேட்க மாட்டார்கள், ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கம் கேட்பார்கள்.

எங்களுக்கு எத்தனை! நோகும், குத்தும், எரியும், கொதிக்கும், கடுக்கும், விண்விண் என்று இடிக்கும். காலுக்கென்றே இரண்டு தனியாக வைத்திருக்கிறோம். நாள் முழுக்க நடந்தால், குளிரில் நின்றால், எலும்புக்குள்ளிருந்து ஒன்று இழுக்குமே, அது உளைவு. சம்மணமிட்டுச் சப்பாணி கட்டி இருந்து எழும்பினால் கால் மரத்துத் தன் கால் இல்லாததுபோல் ஆகுமே, அது விறைப்பு. உளைந்தால் கால் இருக்கிறது என்று அர்த்தம். விறைத்தால் கால் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆரணி சின்னவளாக இருந்தபோது பின்னேரங்களில் “அம்மா, கால் உளையுது” என்று வந்து மடியில் காலைப் போடுவாள். அமத்திவிடுவேன். “கொஞ்சம் கீழை, கொஞ்சம் கீழை” என்பாள். இப்போது பதினைந்து வயது. கால்பந்து விளையாடிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு “உன்ட்” என்கிறாள். உளைவா என்று போன மாதம் கேட்டேன். “அப்படியென்றால்?” என்று சுவீடிஷில் கேட்டாள். அந்தச் சொல் அவளிடமிருந்து எப்போது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது, நான் வேலைக்குப் போயிருந்திருப்பேன். உளைவு என்றால் தெரியாத பிள்ளையிடம் நாளைக்கு நான் கால் அமத்திவிடச் சொல்லிக் கேட்பது எப்படி? அதுவும் ஒரு கவலை. இருக்கட்டும்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் கணினிக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டது.

தம்பியின் எலும்பை அடுக்கி முடிக்கவே வாரக்கணக்கு எடுத்தது. திரையில் அவனுடைய முள்ளந்தண்டு சுழன்றபோது நான் அதை நிறுத்திவைத்தேன். ஆயிரம் எலும்பு முறித்த கைதான், ஆனால் இது அம்மாவின் வயிற்றுக்குள் முளைத்த எலும்பு. பிறகு மரத்திலிருந்து அவனை விழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் வேறு உயரம், வேறு சரிவு, வேறு நிலம். பெரும்பாலான தடவைகளில் எலும்பு நொறுங்கி, அதிலிருந்து உடைந்து பிரிந்த ஒரு சிம்பு பின்னால் தள்ளி முண்ணாணில் இடித்தது. முண்ணாண் மஞ்சளாகியது, சில இடங்களில் செம்மஞ்சள். அதோடு நின்றது.

பிறகு அவனை இருத்தினேன்.

நொறுங்கிய எலும்பு முன்னால் மடங்கியது. சிம்பு அசையாமல் நின்றது. முண்ணாண் அதன்மேல் வளைந்து இழுபட்டது, மெல்ல மெல்ல, ஓட்டோ குலுங்கும் ஒவ்வொரு குலுக்கத்துக்கும் இன்னும் கொஞ்சம். சிவப்பு நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் பரவியது.

ஆனால் நிலத்தை வேரடி நிலமாக இறுக்கிக் கொடுத்து, விழுந்த வேகத்தையும் கொஞ்சம் கூட்டினால், நிலத்தில் முட்டிய கணத்திலேயே எல்லாம் சிவப்பு. பிறகு இருத்தினாலென்ன, கிடத்தினாலென்ன. இரண்டு கதையும் ஸ்கான் படத்தோடு பொருந்தின. உள்ளே கொடுப்பதைப் பொறுத்துத்தான் வெளியே வரும். ஐயா நினைப்பதுபோல் அது ஒன்றும் சாத்திரம் பார்ப்பதல்ல.

இரண்டில் எது என்று பிரிக்க எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். விழுந்ததற்கும் இருத்தியதற்கும் இடையில், அந்தக் கொஞ்ச நேரத்தில், அவனுக்குக் கால் இருந்ததா?

6

ஐயா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தம்பியை அழைத்தேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. விழுந்தோடனை காலிலை என்ன இருந்தது?”

“ஏனக்கா, உங்கடை மிசினுக்குப் பசிக்குதோ?”

“பகிடி விடாதை சேந்தன்.”

முற்றத்தில் காகம் கத்துவது எனக்குக் கேட்டது.

“உளைஞ்சது” என்றான். “ரண்டு காலும் உளைஞ்சது. உயிர் போற உளைவு. நான் பயத்திலை பெருவிரலை ஆட்டிப் பாத்தனான். ஆடினது அக்கா. ஆடினதைக் கண்ணாலை கண்டனான். அப்பாடா, தப்பினன் எண்டு நினைச்சன். பிறகு ஐயா வந்தவர். தூக்கினவர். ஓட்டோவுக்குள்ளை ஏறேக்கை விறைக்கத் தொடங்கிச்சுது. கீழையிருந்து மேலை, தண்ணி ஏறுற மாதிரி.”

‘உளைவு’ என்று தாளில் எழுதி வைத்தேன்.

“எனக்குத் தெரியும் அக்கா” என்றான். “அண்டைக்கே தெரியும். நீங்கள் என்ன, ஸ்கானைப் பாத்தோ கண்டுபிடிக்கிறியள்?”

“ஏன்டா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“ஆரிட்டைச் சொல்லுறது? என்னைத் துடைச்சு, கழுவி, திருப்பிப் படுக்கவிடுறதே அந்த மனிசன்தானே. அவரிட்டையே சொல்லுறது?”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவன் என்னை அழவிட்டுவிட்டு, அழுது முடியும்வரை காத்திருந்தான். பிறகு வேலைக்காரன் குரலில், கராச்சில் எஞ்சினைப் பிரிக்கும்போது கதைப்பானே, அந்தக் குரலில் சொன்னான்.

“இஞ்சை பாருங்கோ. நான் விழுந்தோடனையே ‘கால் விறைக்குது’ எண்டு கத்தினனான். அப்பிடித்தான் சொல்லுங்கோ. விறைச்சதெண்டால் விழேக்கையே முடிஞ்சுது எண்டு உங்கடை கொம்பியூட்டர் சொல்லுது. ஐயாவிலை ஒரு பிழையும் இல்லை. விளங்கிச்சே?”

“நீ அண்டைக்குச் சொன்னது ஐயாவுக்குக் கேட்டிருந்தால்?”

“அவர் கிணத்தடியிலை நிண்டவர். வந்து சேரேக்கை நான் அரை மயக்கம். பிறகு நடந்தது எனக்கே ஒழுங்கா நினைவில்லை. அவருக்குக் காதும் மட்டுமட்டு. நீங்கள் சொன்னால் நம்புவார் அக்கா. நான் சொன்னால் தன்னைத் தேத்துறதுக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பார். நீங்கள் படிச்சனீங்கள்.”

நான் படித்தவள்தான். என்ன செய்தாலும் கடைசியில் எதற்குப் பயன்படுகிறது பார்த்தீர்களா? என் ஆய்வுகூடத்தில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினால் வேலையே போய்விடும். இங்கே ஒரு சொல்லை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். உளைவை எடுத்துவிட்டு விறைப்பை வைக்க வேண்டும். ஒரு கிழவர் கட்டிலில் காலை நீட்டிப் படுப்பார். கடவுளே, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நேர்ந்துகொண்டேன்.

அம்மா என்னை ‘நுணல்’ என்று கூப்பிடுவார். தன் வாயால் கெடும் தவளை. எனக்குப் பொய் சொல்ல வராது, சொன்னாலும் கூட ஒரு விளக்கம் வைத்துத்தான் சொல்வேன். அதில்தான் பிடிபடுவேன்.

7

அடுத்த ஞாயிறு அழைத்தேன். ஆரணியை அறைக்குள் போகச் சொன்னேன். ஐயா முற்றத்தில் நின்றுகொண்டு முதலில் பனியைப் பற்றிக் கேட்டார், பிறகு மருமகனின் வேலையைப் பற்றிக் கேட்டார். தன் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. நானே தொடங்கினேன்.

“ஐயா, நீங்கள் கேட்டதைப் பாத்தனான்.”

“ம்.”

“அது விழேக்கையே நடந்திட்டுது ஐயா. நிலத்திலை முட்டேக்கையே முண்ணாண் போட்டுது. நீங்கள் இருத்தினதாலை ஒண்டும் வரேல்லை.”

“அப்பிடியே?”

“ஓம். வடிவாப் பாத்தனான். கனதரம் ஓட்டிப் பாத்தனான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் “அப்பிடியே” என்று சொன்ன விதத்தில் ஒரு நம்பிக்கைக் குறை கேட்டது, அதை நான் பொறுக்கவில்லை. விளக்கம் வைத்தேன்.

“என்னெண்டு தெரியுமெண்டால் ஐயா, விழுந்தோடனை தம்பி கால் விறைக்குது எண்டு சொன்னவன்தானே. அதுதான் முக்கியம். நீங்கள் தூக்கமுதலே விறைச்சிட்டுது எண்டால் எல்லாம் அப்பவே முடிஞ்சுது. கால் உளைஞ்சிருந்தால், நோ தெரிஞ்சிருந்தால், அது வேறை. அப்ப இருத்தினதாலைதான் எண்டு சொல்லலாம். ஆனால் விறைச்சதுதானே. அதாலை உங்களிலை ஒரு பிழையும் இல்லை.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து, “ஐயா?” என்றேன்.

“உளைஞ்சிருந்தால் வேறை எண்டுறாய்.”

“ஓம். ஆனால் உளையேல்லையே.”

“பிள்ளை” என்றார். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. “அவன் விறைக்குது எண்டு சொல்லேல்லை. நான் ஓடிப்போய்ப் பக்கத்திலை இருந்தோடனை, ‘ஐயா, கால் உளையுது’ எண்டவன். நான் அமத்திவிட்டனான். ‘கொஞ்சம் கீழை ஐயா’ எண்டவன். கீழை அமத்தினன். ‘ஆ, அதிலைதான்’ எண்டவன். பிறகுதான் தூக்கினனான்.”

எத்தனையோ வைத்தியர்களும் இத்தனை பெரிய கணினியும் தர முடியாத அந்தச் சாட்சி அவரிடமும் இருந்திருக்கிறது. அவர் தன் கையால் பார்த்திருக்கிறார். ஒரு வருடமாக அவரிடம் அந்தச் சொல் மட்டும்தான் இருந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதைத்தான் படித்த மகளிடம் கேட்டிருக்கிறார். நானும் பெரிய கெட்டிக்காரி போல எடுத்துச் சொல்லிவிட்டேன்.

“ஐயா, இல்லை, அது அப்பிடி இல்லை. கணக்கிலை பிழையும் வரும், நான் திருப்பிப் பாத்து…”

“உவனுக்குச் சொல்லாதை” என்றார். “உவனுக்குக் கால் உளைஞ்சது எனக்குத் தெரியுமெண்டு உவனுக்குத் தெரியவேண்டாம். மயக்கத்திலை சொன்னது, உவனுக்கு நினைவில்லைப் போலை. நினைவில்லாமலே இருக்கட்டும்.”

“ஐயா…”

“அழாதை. நீ என்ன செய்வாய், கேட்டதைத்தானே சொன்னனி. சாப்பிட்டியே?”

“ஓம் ஐயா.”

“என்ன கறி?”

“பருப்பு.”

“சரி பிள்ளை, வைக்கிறன். உவனைத் திருப்பிப் படுக்கவிடுற நேரம் வந்திட்டுது.”

அவர் தொலைபேசியை நிறுத்த மறந்துபோனார். எப்போதும் அப்படித்தான், எந்தப் பொத்தான் என்று தெரியாது. நான் வைக்காமல் காதில் வைத்திருந்தேன். முற்றத்திலிருந்து அவர் அறைக்குள் நடந்துபோவது கேட்டது. தம்பி, “அக்கா என்னவாம்?” என்று கேட்டான். ஐயா, “என்னிலை ஒரு பிழையும் இல்லையாம்” என்றார். “நான் அப்பவே சொன்னனான்தானே” என்று தம்பி சிரித்தான். இருவரும் சேர்ந்து மூச்சுப்பிடித்துத் திரும்புவது கேட்டது. பிறகு ஐயா கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டார்.